மேலே ஏறிய படம் இறங்குமா?

இரவு ஒன்பது மணிக்கு மாமா இறந்தார். பத்தரைக்கெல்லாம் பிளக்ஸ் கடையிலிருந்து போன். "படம் ரொம்ப உடையுது சார். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமெண்டா அனுப்புங்க. ஒரிஜினல் இல்லையா?"

எங்களிடம் இருந்தது ஒரு கல்யாண வீட்டு குரூப் போட்டோ. இருபது பேர் நிற்கிற அந்தப் படத்தில் மாமாவின் முகத்துக்குக் கிடைத்த அகலம் அறுபது புள்ளி. அதை இரண்டடிக்கு இழுத்தால் ஒரு புள்ளி ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். மறுநாள் தெருமுனையில் கட்டிய பேனரில் மாமா பனிமூட்டத்துக்குள் நிற்பவர் போலத்தான் இருந்தார்.

நல்ல படம் இல்லாமல் இல்லை. குற்றாலத்தில் குளித்துவிட்டு, ஈரத்தலையும் தோளில் துண்டுமாகச் சிரிக்கிற படம் ஒன்று உண்டு. குடும்பத்தில் எல்லோரும் பார்த்தது. அது அவர் போனில் இருந்தது. போனில் பேட்டர்ன் லாக் இருந்தது. பேட்டர்ன் அவரோடு போய்விட்டது. படங்களைப் பற்றி மாமாவுக்குக் கவலையே இருந்ததில்லை. "எல்லாம் மேல ஏறிரும்டே. போன் போனாலும் போட்டோ போவாது" என்பார். ஏறியது உண்மைதான். இறக்கத்தான் எங்களில் யாருக்கும் வழி தெரியவில்லை.

குடும்பப் படங்களைச் சேமிக்க எந்த ஆன்லைன் சேவை நல்லது என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. எத்தனை ஜிபி, மாதம் எவ்வளவு என்றுதான் கேள்வி தொடங்கும். மாமா போன பிறகு நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். முதலில் கேட்க வேண்டியது வேறு: மேலே போன படம் எந்த உருவில், எந்த நாளில், யார் கைக்குத் திரும்பி வரும்?

உருவத்திலிருந்து தொடங்குவோம். பிளக்ஸ் கடைக்காரர் "டாக்குமெண்டா அனுப்புங்க" என்றதில் ஒரு முழு அறிவியல் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது இரண்டு முறை இளைக்கிறது. முதலில் புள்ளிகள் குறையும். 4000க்கு 3000 என்று எடுத்த 12 மெகாபிக்சல் படம், நீளப் பக்கம் 1600 என்ற அளவுக்குச் சுருங்கினால் மிஞ்சுவது 19 லட்சம் புள்ளிகள்தான். ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்து ஜேபெக் சுருக்கம். படத்தை எட்டுக்கு எட்டு என்று சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் சில அடிப்படைக் கோலங்களின் கலவையாக எழுதிக்கொள்கிறது அந்த முறை. ஒரே நிறமாகப் பரந்த கோலம் ஒன்று, அகலப் பட்டைகள் சில, மிக நுணுக்கமான வரிகள் பல. இவற்றில் எது எவ்வளவு என்று ஒரு கணக்கு. நுணுக்க வரிகள் கொஞ்சம் பிசகினாலும் நம் கண் கண்டுகொள்ளாது. அதனால் அந்த எண்களைத் தோராயமாக்கி, முடிந்தவரை பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். மாமாவின் மீசை முடிகள் போனது அந்தப் பூஜ்யங்களில்தான்.

இந்தக் கணக்குக்கு அடித்தளமான கொசைன் உருமாற்றத்தை 1974இல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். இதை ஆராய 1972இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். இன்று நாம் எடுக்கிற படங்களில் பெரும்பாலானவை அந்த எளிமையான யோசனையைக் கடந்துதான் வருகின்றன.

ஒருமுறை சுருக்கினால் பெரிய குற்றமில்லை. திரும்பத் திரும்பச் சுருக்கும்போதுதான் படம் கரைகிறது. ஆகவே எந்தச் சேவையானாலும் அமைப்புகளுக்குள் போய், மூலப் படத்தை அப்படியே வைக்கிறதா, இளைக்க வைக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கூகுள் போட்டோஸில் 'ஸ்டோரேஜ் சேவர்' என்று ஒரு தேர்வு உண்டு. அது 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களை அந்த அளவுக்கும், வீடியோக்களை 1080 வரி அளவுக்கும் குறைத்து, மறுபடி சுருக்கி வைக்கும். போன் திரையில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஓட்டலில் எடுத்த நெய் ரோஸ்டுக்கு அது போதும். அம்மா அப்பா படத்துக்கு மூலம் வேண்டும்.

படத்தோடு கூடவே வேறொன்றும் பயணம் செய்கிறது. எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்தக் கேமராவில் எடுத்தது என்ற குறிப்பு கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். பழைய ஆல்பத்தில் படத்தின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைப்போமே, அதேதான். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இந்தப் பின்பக்கம் கிழிந்துவிடும். அதனால்தான் 2014இல் நடந்த காதுகுத்து, போன வாரம் நடந்ததுபோல் கேலரியில் வந்து உட்காருகிறது. சேவையை விட்டு வெளியேறும்போதும் இதே சிக்கல் வரும். கூகுளிடம் நம் படங்களை மொத்தமாகக் கேட்டால் 'டேக்அவுட்' வழியாக ஜிப் மூட்டைகளாகத் தருவார்கள். ஆனால் செயலிக்குள் உட்கார்ந்து நாம் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் படத்துக்குள் வராது. பக்கத்தில் தனித்தனி ஜேசான் கோப்புகளாக வரும். இரண்டையும் ஒட்டவைக்கத் தனி மென்பொருள் தேட வேண்டும்.

இன்னொரு குழப்பம், இதுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது. 'சிங்க்' என்பதையும் 'பேக்கப்' என்பதையும் ஒன்றென்று நினைப்பது. சிங்க் என்பது கண்ணாடி. போனில் உள்ளது மேலே தெரியும். போனில் அழித்தால் மேலேயும் அழியும். ஐகிளவுட் போட்டோஸ் இந்த ரகம். கூகுள் போட்டோஸ் செயலிக்குள் நின்றுகொண்டு ஒரு படத்தை அழித்தாலும் போனிலும் மேலேயும் சேர்ந்தே போகும். விளையாட்டு ஏற்ற இடம் வேண்டும் என்று வீட்டுப் பையன் நானூறு படங்களைத் தள்ளிவிட்டால், அம்மாவின் டேப்லெட்டிலும் அந்த நானூறும் மறைந்துவிடும். குப்பைத் தொட்டியில் ஐகிளவுட் 30 நாள், கூகுள் 60 நாள் வைத்திருக்கும். அதற்குள் கவனித்தால் பிழைத்தோம். கல்யாணப் படத்தை யார் மாதாமாதம் பார்க்கிறார்கள்? உண்மையான பேக்கப் என்பது பெட்டகம்; இங்கே அழித்ததை அங்கே அழிக்காமல் வைத்திருப்பது. எந்தச் சேவையிடமும் கேட்க வேண்டிய அருமையான கேள்வி, அழித்த கோப்பை எத்தனை நாள் தருவாய் என்பதே.

சரி, மேலே போனதை அவர்கள் எப்படிக் காக்கிறார்கள்? இந்தப் பகுதி எனக்கு எப்போதும் வியப்பு தருவது.

'மேகம்' என்ற சொல் நம்மை ஏமாற்றிவிட்டது. அங்கே இருப்பது குளிரூட்டிய கொட்டகைக்குள் சுழலும் வன்தட்டுகள். நம் வீட்டு ஹார்ட் டிஸ்க் மாதிரியே அவையும் சாகும். பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் வன்தட்டுகளின் சாவுக் கணக்கைப் பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகிறது: ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை. கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு லட்சம் வன்தட்டு வைத்திருப்பவருக்கு அது நாளுக்கு நான்கு சாவு. ஆக, தினமும் செத்துக்கொண்டிருக்கிற பொருளின் மேல் சாகாத ஒன்றைக் கட்டுவதுதான் வித்தை.

எளிய வழி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி. செலவு மூன்று மடங்கு. இதைவிடக் கெட்டிக்கார வழியை 1960இலேயே இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இரு கணிதர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூட வரைபடத் தாள் போதும், புரிந்துகொள்ள.

கணினிக்குப் படம் என்பது எண்களின் வரிசை. அதிலிருந்து 7, 9 என்று இரண்டு எண்களை எடுப்போம். வரைபடத் தாளில் 1 என்ற இடத்தில் 7 உயரத்தில் ஒரு புள்ளி, 2 என்ற இடத்தில் 9 உயரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளி வழியே ஒரே ஒரு நேர்கோடுதான் போக முடியும். அந்தக் கோட்டை நீட்டினால் 3இல் 11, 4இல் 13 வரும். இப்போது 7, 9, 11, 13 ஆகிய நான்கையும் நான்கு வன்தட்டுகளில் வையுங்கள். எந்த இரண்டு செத்தாலும் கவலையில்லை. 7உம் 9உமே போய்விட்டாலும், மிஞ்சிய 11, 13 வழியாகக் கோடு போட்டுப் பின்னால் இழுத்தால் 9உம் 7உம் திரும்பி வந்துவிடும். இதே நான்கு வன்தட்டுகளில் 7, 7, 9, 9 என்று சும்மா பிரதி எடுத்திருந்தால், இரண்டு ஏழும் ஒரே நாளில் போனால் தீர்ந்தது கதை. இடம் அதே இடம்தான், பாதுகாப்பு வேறு.

நடைமுறையில் நேர்கோட்டுக்குப் பதில் பல வளைவுகள் கொண்ட கோடு. பேக்பிளேஸ் தன் ஏற்பாடுகள் ஒன்றில் ஒரு கோப்பை 17 துண்டாக்கி, கணக்குப் போட்டு இன்னும் 3 துண்டு சேர்த்து, 20 தனித்தனி இயந்திரங்களில் வைக்கிறது. எந்த மூன்று போனாலும் கோப்பு முழுசாக வரும். கூடுதல் இடம் 18 சதவீதத்துக்குள். கீறல் விழுந்த சிடி பாடுவதும் இந்தக் கணக்கால்தான். வாயேஜர் விண்கலம் யுரேனஸ், நெப்டியூன் பக்கத்திலிருந்து அனுப்பிய படங்கள் வழியில் சிதையாமல் வந்து சேர்ந்ததும் இதனால்தான்.

இப்படிக் கட்டியதால்தான் அமேசானின் எஸ்3 சேமிப்பு 99.999999999 சதவீதம் என்று பதினோரு ஒன்பதுகளைக் காட்டுகிறது. ஒரு கோடிக் கோப்பு வைத்தால், சராசரியாக 10,000 ஆண்டுக்கு ஒரு கோப்பு தொலையலாம் என்று பொருள். நான் அந்த எண்ணை நம்புகிறேன். ஆனால் அது பேசுவது வன்தட்டுகளைப் பற்றி. தொட்டியில் வீசுகிற பையனைப் பற்றி, மறந்துபோன கடவுச்சொல்லைப் பற்றி, கட்டாமல் விட்ட சந்தாவைப் பற்றி அதில் ஒரு ஒன்பதுகூடக் கிடையாது. நான் கண்ட வரையில் வீட்டுப் படங்கள் தொலைவது வன்தட்டால் அல்ல, இவற்றால்தான்.

எல்லாத் துண்டும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தாலும் கணக்கு உதவாது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் மின்கலத்திலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் அலுவலகக் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பு அதில் எரிந்தது. 858 டெராபைட். அளவு பெரிது என்பதால் வெளியில் பிரதி வைத்திருக்கவில்லை. உலகத்துக்கே நினைவகச் சில்லு செய்து தருகிற நாடு! 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஆல்பமும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே அலமாரியில் நனைந்த வீடுகளுக்கு நடந்ததும் இதுவே.

நிறுவனங்கள் மனம் மாறுவதும் இயற்கை. 2013இல் பிளிக்கர் ஆளுக்கு ஒரு டெராபைட் இலவசம் என்றது. 2018இல் ஸ்மக்மக் அதை வாங்கியது. இலவசக் கணக்குக்கு 1000 படம்தான், மிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அழிப்போம் என்று அறிவித்தது. உலகத்துக்கே படம் எடுக்கக் கற்றுக்கொடுத்த கோடாக்கின் இணைய ஆல்பம் 2012 ஜூலையில் மூடப்பட்டது. கூகுள் 2015இல் வரம்பில்லா இலவசத்தோடு வந்து, 2021 ஜூன் 1 முதல் 15 ஜிபி என்று கதவைச் சாத்தியது. அந்த 15இல்தான் ஜிமெயிலும் இருக்க வேண்டும்; ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இருக்க வேண்டும். சூரியோதயத்தின் மேல் எழுதிய காலை வணக்கங்கள் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ள, பேத்தியின் முதல் நடைக்கு இடமில்லாமல் போகிறது. நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். வன்தட்டுக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குக் காசு வேண்டும். காசு கொடுத்து வைப்பதே மேல். ஆனால் காசு கொடுப்பதும் அறுந்துபோகும். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிப் பற்று விதி அமலுக்கு வந்தபோது, கார்டில் ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ சந்தாக்கள் சத்தமில்லாமல் நின்றன. கூகுளின் விதிப்படி இரண்டு ஆண்டு வரம்புக்கு மேலேயே கிடக்கும் கணக்கின் படங்கள் அழிக்கப்படலாம். இரண்டு ஆண்டு யாரும் தொடாத கணக்கே அழிக்கப்படலாம்.

கணக்கே பூட்டப்படுவதும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பன், மருத்துவர் கேட்டதற்காகத் தன் குழந்தையின் மர்ம உறுப்பருகே இருந்த வீக்கத்தைப் படமெடுத்தார். அது தானாக மேலே ஏறியது. கூகுளின் கணினி அதைக் குழந்தைகள் மீதான குற்றமென்று குறித்தது, கணக்கு முடங்கியது. காவல்துறை விசாரித்து அவர் மேல் தவறில்லை என்றது. கணக்கு திரும்பவில்லை. பல ஆண்டு மின்னஞ்சலும் மகனின் முதல் ஆண்டுகளின் படங்களும் அதற்குள். 2022இல் நியூயார்க் டைம்ஸ் இதை விரிவாக எழுதியது. நல்ல நிறுவனம், கெட்ட நிறுவனம் என்பதல்ல விஷயம். ஒரே சாவிக் கொத்தில் வீட்டுச் சாவி, கடைச் சாவி, லாக்கர் சாவி எல்லாம் தொங்கினால் கொத்து தொலைகிற நாளில் எல்லாம் தொலையும்.

நிறுவனம் நம் படத்தைப் பார்க்கவே முடியாதபடி, சாவியை நம்மிடமே விடும் சேவைகளும் இருக்கின்றன. என்டே என்று ஒன்று. மலையாளத்தில் 'என்னுடைய' என்று பொருள். ஆப்பிளும் 2022 டிசம்பரில் அப்படியொரு வசதியைத் தொடங்கியது. பிரிட்டிஷ் அரசின் நெருக்குதலால் 2025 பிப்ரவரியில் அந்த நாட்டில் மட்டும் விலக்கிக்கொண்டது. அந்தரங்கம் பெரிதென்று நினைப்பவர் இவற்றைப் பார்க்கலாம். ஒரே நிபந்தனை: சாவி தொலைந்தால் பூட்டுக்காரன் கிடையாது. கடவுச்சொல்லைக் காலண்டர் ஓரத்தில் எழுதுகிற என் அத்தைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். எங்கள் குடும்பப் படங்களுக்கு வேவு பார்ப்பவனைவிட மறதிதான் பெரிய எதிரி.

புகைப்படக்காரர் பீட்டர் குரோக் 2005இல் எழுதிய நூலில் சொன்ன 3-2-1 கணக்கு இன்றும் பழசாகவில்லை. மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வீட்டுக்கு வெளியே. என் வீட்டில் அது இப்படி இருக்கிறது: போனிலிருந்து தானாக ஏறும் ஒரு கட்டணச் சேவை, மூலத் தரத்தில். ஆண்டுக்கு இருமுறை எல்லாவற்றையும் இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போடுகிறேன். அதன் பிரதி ஒன்று மதுரையில் தங்கை வீட்டுப் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில். முதல்முறை ஏற்றும்போது பொறுமை வேண்டும். 200 ஜிபியை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஏற்ற 44 மணி நேரம் ஆகும். நாளுக்கு 1.5 ஜிபி மொபைல் டேட்டாவில் ஏற்றினால் நான்கு மாதத்துக்கு மேல். விளம்பரங்கள் சொல்வது இறக்கும் வேகத்தை. ஏற்றும் வேகத்தைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு சின்னச் சோதனை. எட்டு பத்து ஆண்டுக்கு முந்தைய ஒரு படத்தை, வேறொருவர் கணினியில் உட்கார்ந்து இறக்கிப் பாருங்கள். 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ தவறான கட்டளை தட்டி 'டாய் ஸ்டோரி 2' கோப்புகள் கண்ணெதிரே மறையத் தொடங்கின. பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அது ஒழுங்காக வேலை செய்யாமல் கிடந்திருக்கிறது; யாரும் அதிலிருந்து எடுத்துப் பார்த்ததில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சுஸ்மனின் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள்.

இனி, மாமாவின் படம். கூகுளில் 2013 முதலே ஒரு ஏற்பாடு உண்டு: இத்தனை மாதம் நான் தொடவில்லை என்றால் என் கணக்கை இன்னாருக்குத் திற என்று பத்து பேர் வரை குறித்து வைக்கலாம். ஆப்பிளில் 2021 இறுதியிலிருந்து அதுபோல் ஒன்று உண்டு. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இறந்த பிறகு நம் தரவு உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்க இடம் தருகிறது. வங்கிக் கணக்குக்கு நாமினி எழுதிய மாமா இதை எழுதவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

தலைத்திவசத்துக்குச் சுவரில் மாட்ட அந்தக் குற்றாலப் படம் வேண்டும் என்றாள் அத்தை. மாமா மகன் பழைய டைரியிலிருந்து கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டான். புதுப் போனில் போட்டதும் கணக்கு அதை ஏற்றுக்கொண்டு, பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. அந்த சிம்முக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. துண்டித்த எண்ணை 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது விதி. கொடுத்துவிட்டார்கள்.

"அத்தான், பேசித்தான் பார்ப்போமே" என்று அவனே அழைத்தான். ஒரு பெண் எடுத்தார். "அக்கா, இப்ப உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். அதை மட்டும் கொஞ்சம்..." என்று தொடங்கினான்.

"இதுக்கு வேற வேலை பார்க்கலாம்ல?" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் செய்ததுதான் சரி. அந்த எண்ணின் வாட்ஸ்அப்பில் இப்போது ஒரு கைக்குழந்தையின் படம் இருக்கிறது. நல்ல தெளிவான படம்.